காடி

செவ்வாய்க்கிழமை.
காய்ச்சல் என்று நேற்றிரவே
மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.
நெற்றி குளிர்ந்திருக்கிறது,
உட்கார்ந்திருக்கும் இந்தப் பலகையைப் போல.

ஹிராபாயிடம் பதினோரு வருஷமாய் மாந்தெலி வாங்குகிறேன்.
கூறு வைக்கும்போதெல்லாம் சொல்வாள்,
ஒருநாள் எங்க வீட்டுக்காரரோடு போய்ப் பார் என்று.
வீட்டுக்காரர், ஹரேஷ்வர் வைத்தி.
வைத்தி அவர்கள் குலப்பெயர்.
எங்களிடம் அது வைத்தியநாதனைக் கூப்பிடும் சுருக்கம் என்றேன்.
ட்ராம்பே ஜெட்டியில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே
"அவனிடம் படகு இருக்கிறதா?" என்று கேட்டார்.
செண்பகவல்லி என்ற என் பெயரை
அவர் சம்பா ஆக்கியதால் கணக்கு சரியாய்ப் போயிற்று.

மோட்டாரை எழுப்பவில்லை. கழிதான்.
சேற்றில் ஊன்றி, சாய்ந்து, உருவி,
மறுபடி ஊன்றும்வரை
சொட்டும் சத்தம் மட்டும்.

பின்னால் அணு உலையின் குவிமாடம்
விடியாத நிறத்தில் நிற்கிறது.
இருபுறமும் அலையாத்தி.
வேர்கள் மூச்சுக்காக நீட்டிய விரல்களை
ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டு வருகிறது தண்ணீர்.
"பர்தி" என்றார் அதைக் காட்டி.

சயான் ஆஸ்பத்திரியில் தங்கையைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்று
வரிசையில் நின்று கற்றுக்கொண்ட சொல்.
இங்கே கடல் தானாக வந்து சேர்கிறது,
படிவம் நிரப்பாமல்,
கட்டில் காலியில்லை என்று யாரும் சொல்லாமல்.

சேற்று மீன்கள் வேர்மேல் ஏறி
ஈரக் கண்களால் எங்களைப் பார்த்தன.
ஒரு கொக்கு. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததைப் பார்க்க
நான் லீவு போட்டதில்லை இதுவரை.

இந்தக் கழிக்கு மராத்தியில் காடி.
மூச்சைக் கொஞ்சம் ஊதிச் சொல்ல வேண்டும்.
ரயிலும் காடி, அது அடித்தொண்டையில்.
என் டயரியில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.
'6.40 காடி' என்று தினமும் குறித்திருக்கிறேன்,
எதைச் சொன்னேன் என்று
இன்றைக்குத்தான் சந்தேகம் வருகிறது.
அகராதியில் காடி என்றால் புளித்த நீர்.
சேறு மணக்கும் மணத்துக்கு அதையும் தள்ள முடியாது.

கண்டல் முடிந்து வெளி வந்ததும்
வாஷி பாலம்.
வருஷக்கணக்காய் மேலிருந்து பார்த்த இடம்.
மேலிருந்து பார்க்கையில் இந்தப் படகுகள்
நகர்ந்ததே இல்லை.

ஆறு நாற்பது வந்தது.
முதலில் தூண்களில் நடுக்கம்,
பிறகு தண்ணீரின் தோலில்,
பிறகுதான் சத்தம்.
என் பெட்டியை எண்ணிக் கண்டுபிடித்தேன்.
கதவோரம் என் இடத்தில்
ஆரஞ்சு துப்பட்டா ஒன்று படபடத்தது.
பாலம் ஏறியதும் எல்லோரும்
செல்போனிலிருந்து ஒரு நிமிஷம் தலைதூக்குவோம்.
தூக்கினார்கள்.
கையை உயர்த்தினேன். யாருக்கும் தெரிந்திராது.

அப்போது ஒரு கை வெளியே நீண்டு
எதையோ விட்டது.
நெற்றியைத் தொட்டுக்கொண்டு உள்ளே போயிற்று.
நீலப் பிளாஸ்டிக் பை, முடிச்சுப் போட்டது.
படகுக்குப் பத்தடி தள்ளி விழுந்து மிதந்தது.

வைத்தி கழிநுனியால் இழுத்து எடுத்தார்.
முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார்.
வாடிய சாமந்தி, அறுகம்புல், திரி எரிந்த பஞ்சு.
பூவை இரு கையாலும் தண்ணீரில் விட்டார்,
நான் ஒருநாளும் விட்டிராத மாதிரி.
பையை உதறிப் பலகைக்கு அடியில் செருகினார்.
அங்கே ஏற்கெனவே நிறைய நீலம், பச்சை, கறுப்பு.
என் வீட்டு மளிகைக்கடைப் பை
மஞ்சளில் சிவப்பு எழுத்து.
குனிந்து தேடவில்லை.
"இன்று கம்மி" என்றார்.

பூக்கள் எங்களோடு கொஞ்ச தூரம் வந்தன.
அப்புறம் அவை வேகம், நாங்கள் மெதுவு.

ஃபிளாஸ்க் மூடியில் அவருக்கு டீ ஊற்றினேன்.
எனக்கு ஃபிளாஸ்க்கின் வாய்.
வாஷிப் பக்கம் கட்டடங்களுக்கு நடுவே
சூரியன் ஒரு மாடி ஏறியிருந்தது.
பைக்குள் போன் இரண்டு தரம் அதிர்ந்து ஓய்ந்தது.

டீ முடியும்வரை யோசித்துவிட்டு
மூடியைத் தண்ணீரில் அலசியபடி கேட்டார்:
"அந்த உங்க வைத்தி... மீன் சாப்பிடுவானா?"

மாட்டார் என்றேன்.

த்சொ, என்று தலையசைத்து
கழியை ஊன்றினார்.